செவ்வாய்க்கிழமை ஈரம்

போன மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து பிரதீப் என்ற உதவிப் பேராசிரியர் என்னைத் தேடித் திருத்தணிக்கு வந்தார். காட்டுத்தீ, வெள்ளம், பருவநிலை மாற்றம் இவற்றால் வரும் ஆபத்தை முன்கூட்டி அறிந்து சமாளிப்பது எப்படி என்று ஆராயும் பல்கலைக்கழகத் துறை அது. நான் அங்கே கள ஆய்வு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அங்கே களம் என்று ஒன்று இல்லையாம். தீ வைத்தவன் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் திரும்பப் போடுவதற்குள் செயற்கைக்கோள் பார்த்துவிடுகிறதாம்.

"அப்புறம் என்னைத் தேடி எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"செயற்கைக்கோள் சொல்றது சரியான்னு ஒத்துப் பார்க்க, தரையில எடுத்த அளவு வேணும் சார். இந்த வட்டாரத்துல விடாம அளவு எடுத்திருக்கறது ஒரே ஒரு குன்றுலதானாம். அது எப்படி ஆரம்பிச்சதுன்னு நீங்க எழுத்துல குடுக்கணும்."

எழுத்தில் கொடுங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பேராசிரியர் நீலமேகம் நினைவுக்கு வந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் புவியியலில் முதுகலை படித்தேன். வேலை கிடைக்காமல் பிறகு புள்ளியியல் படித்தேன். இரண்டும் சேர்ந்து எனக்கு வாங்கித் தந்தது ஒரு அளவு நாடாவும், கஞ்சி போட்ட சட்டைக் காலரில் புழுதி படியும் உத்தியோகமும். முதல் சில வருடங்கள் வெள்ள ஆய்வு. மணவூர்ப் பக்கம் ஒரு மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் தெருக்களுக்குள் வந்துபோன பிறகு, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: இடுப்பளவு. அப்படியே குறித்துக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"சுவாரசியம். யாரோட இடுப்பு?"

மறுநாள் நாடாவோடு போய்ப் பதில் சொன்னவர்களின் இடுப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்கத் தொடங்கினேன். "இன்னா சார், பேண்ட்டு தைக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்டார். அடுத்த தெரு அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ள நிவாரணமாகப் பேண்ட்டு கொடுக்கிறார்கள் என்று செய்தி பரவி வரிசை நின்றுவிட்டது. தண்ணீரே எட்டிப் பார்க்காத மேட்டுத் தெருக்காரர்களும் வந்து, தங்கள் வீட்டிலும் இடுப்பளவு வந்ததாகச் சத்தியம் செய்தார்கள். அந்த வெள்ள வரைபடம் இன்றும் துறையில் மாட்டியிருக்கிறது. அதில் தண்ணீர் மேடு ஏறியிருக்கும்.

பேராசிரியர் நீலமேகம் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். எதைச் சொன்னாலும் சுவாரசியம் என்பார். அடுத்து, எழுத்தில் கொடுங்கள் என்பார். வாயால் சொன்னது எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்காதது. ஒருமுறை அவர் அறை மின்விசிறி கழன்று விழப்போகிறது என்று பியூன் ஓடிவந்து சொன்னபோதும் அதையே சொன்னார். பியூன் எழுதிக்கொண்டிருக்கும்போது விசிறி மேசைமேல் விழுந்தது. பேராசிரியர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அந்தத் தாளில் பச்சை மையில் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்குக் காட்டுத்தீ வந்தது. ஆய்வு நிதி அந்த வருடம் அந்தப் பக்கம் வீசியது. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஒரு குன்று. முட்புதரும் ஆளுயர மஞ்சம்புல்லும். பங்குனியில் புல் காய்ந்து நிற்கும்போது பார்த்தால், குன்றே ஒரு வைக்கோல் போர் மாதிரி இருக்கும். அடிவாரத்தில் விசைத்தறி நெசவாளர் குடியிருப்பு. வீடுகளுக்குள் நூலும் பஞ்சுத் தூசும். குன்றில் பிடித்த தீ காற்றோடு கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. எப்போது பிடிக்கும் என்பதற்குத்தான் தேவை.

அதற்கு ஒரு வழி உண்டு. எரிபொருள் ஈரக் குச்சி என்று பெயர். சீவி எடுத்த மரக்குச்சிகளை, முற்றிலும் உலர்ந்த நிலையில் நூறு கிராம் இருக்கும்படி செய்து, காட்டிலேயே ஒரு கம்பித் தாங்கியில் கிடத்திவிட வேண்டும். தினமும் மதியம் எடை போட வேண்டும். நூற்றிருபது கிராம் காட்டினால் நூற்றுக்கு இருபது பங்கு ஈரம்; தீ பிடிக்காது. நூற்றைந்து என்றால் குன்று தீக்குச்சிக்குக் காத்திருக்கிறது என்று பொருள். எளிமையான கருவி. கெட்டுப்போக எதுவும் இல்லை என்று கையேட்டில் எழுதியிருந்தார்கள். கையேடு எழுதியவர் எங்கள் பக்கம் வந்ததில்லை.

நான்கு குச்சி போதும் என்றேன். சராசரி உறுதியாக இருக்க ஆறு வேண்டும் என்றார் பேராசிரியர். ஆறு வைத்தோம். இந்த ஆறை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எடை போடும் பொறுப்பு ஹேமலதாவுடையது. அரக்கோணத்துப் பெண், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள். ஏற்கெனவே காலநீட்டிப்பு வாங்கி, அதற்கும் ஒரு காலநீட்டிப்பு வாங்கியிருந்தாள். அடுத்த கல்வியாண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. வருடக்கணக்கான உழைப்பு அந்த ஆறு குச்சிகளின் மேல்தான் கிடந்தது.

முறையை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தாங்கியைச் சுற்றி வட்டமாக வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கற்கள், கால் படக்கூடாது. செருப்பை வெளியே விட வேண்டும், மண் ஒட்டினால் எடை மாறும். கை எண்ணெய் படாமல் இருக்க வெள்ளைக் கையுறை. குச்சியை இரண்டு கையாலும் ஏந்தித் தராசில் தொங்கவிட வேண்டும். மூச்சுக் காற்று படாதபடி சிறிது பின்வாங்கி, முள் அசைவு நிற்கும்வரை பேசாமல் நிற்க வேண்டும். பிறகு எடையை உரக்கச் சொல்லி எழுத வேண்டும். எல்லாம் முடிந்ததும் குச்சிகளை இருந்த வரிசையிலேயே வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே வட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். திரும்பினால் துப்பட்டா தாங்கியில் மாட்டும். பக்கத்தில் ஒரு பலகை: "தொடாதீர்கள்."

மாதங்கள் போயின. எண்கள் வந்தன. ஒரு நாள் பேராசிரியர் என்னை அழைத்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடை முழுவதும் கோடு தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே திடீர் திடீரென்று எகிறியது.

"என்ன கவனிக்கிறீங்க?"

"எகிறுது சார்."

"எப்ப எகிறுது? செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு செவ்வாயும். கிருத்திகை அன்னிக்கு இன்னும் அதிகம். மழை கிடையாது. பக்கத்து வானிலைக் கருவியில ஒண்ணும் இல்லை. இந்தக் குன்றுக்குன்னு ஒரு வாராந்திர நுண்பருவநிலை இருக்கு!"

"சார், வானத்துக்கு வாரக் கிழமை தெரியாதே."

"சுவாரசியம். எழுத்துல குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அதை அவர் தன் கட்டுரையில் "மாற்றுக் கருத்துகள்" என்ற தலைப்பின் கீழ் சேர்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் திருத்தணிக்குப் போகும் வண்டிகளின் புகை, பக்தர் கூட்டத்தின் வியர்வை ஆவி, தெற்குக் காற்று என்று பக்கம் பக்கமாகக் காரணம் எழுதினார். கட்டுரை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் ஏற்கப்பட்டது. ஹேமலதாவின் ஆய்வேட்டுக்கும் அதுவே மையக் கண்டுபிடிப்பு ஆனது. குச்சிகள் மஞ்சளாகி வருவதை அவள் குறித்திருந்தாள். வெயில் என்றார் பேராசிரியர். எறும்பு வருவதையும் குறித்திருந்தாள், பல்லுயிர் என்றார். பாதை அகலமாகி வருவதையும் குறித்திருந்தாள், ஊராட்சி வேலை என்றார்.

கருத்தரங்கில் காட்டுவதற்கு விடியற்காலைப் படம் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். அதுவரை நாங்கள் யாரும் மதியத்துக்கு முன் அங்கே போனதில்லை. முறைப்படி மதியம்தான் அளவு எடுக்க வேண்டும்.

குன்றின் பாதையைக் காணவில்லை. அதாவது, குன்றின் நடுவில் குறுக்காகப் போகும் ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் ஆட்டோ போகிற அகலத்துக்குப் புல்லை வெட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள். அதன் முடிவில் எங்கள் வட்டம். சுற்றிலும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். பலகையில் மஞ்சள் துணித் தொட்டில் ஒன்று தொங்கியது. வட்டத்துக்கு வெளியே நின்று ஒருவர் நீளமான அகப்பையால் எங்கள் குச்சிகள்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் பெயர் முனிரத்தினம். குடியிருப்பில் தறிகள் வைத்திருப்பவர், ஊருக்குப் பெரிய மனிதர்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றேன்.

"ஆங், வாங்க சார்! பொங்கல் சூடா இருக்குது. சுலோச்சனா, டிபார்ட்மெண்ட் சார் வந்துகீறாரு, தொன்னை எடு." சுலோச்சனா அவர் மனைவி.

"பலகையில தொடாதீங்கன்னு எழுதியிருக்கே?"

"யாரு சார் தொட்டா? எட்டி நின்னுதான ஊத்தறோம்?"

"இது சாமின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

முனிரத்தினம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "யாரு சொல்லணும் சார்? ஆறு குச்சி. ஆறுமுகம். அந்தப் பொண்ணு தெனம் உச்சி வேளையில வருது. செருப்பைக் கயட்டுது. கையில வெள்ளத் துணி சுத்திகினு, ஒவ்வொண்ணா எடுத்துத் துலாபாரம் போடுது. வாயத் தொறக்காம நின்னுகினு, அப்புறம் ஏதோ நம்பரு சொல்லுது. முதுகு காட்டாம வெளிய வருது. எங்க ஊரு பூசாரிகூட இவ்ளோ சுத்தமா பண்ண மாட்டான். போன வருசம் என் தம்பி மருமவ இங்க தொட்டில் கட்டுனா. இப்ப அவ முழுகாம கீறா."

"மதியம் வரும்போது பூ, தொட்டில் ஒண்ணுமே இருக்காதே?"

சுலோச்சனா பதில் சொன்னாள்: "அந்தப் பொண்ணு பூசைக்கு வர்றதுக்குள்ள எட்டி நின்னே தண்ணி ஊத்திக் கழுவி, தொட்டில அவுத்து வெச்சிருவோம்ணா. அது மடியா பண்ணுது, நாம அசிங்கமா வெக்கலாமா? கிருத்திகைன்னா மட்டும் தேன் ஊத்துவோம். அது முழுசாப் போவாது."

பொங்கல் நன்றாக இருந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பன்னாட்டுக் கண்டுபிடிப்பு என் வயிற்றுக்குள் இறங்குவதை உணர்ந்தேன்.

மதியம் வந்த ஹேமலதாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வட்டத்துக்கு வெளியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமையை எடுத்துட்டா என் ஆய்வேட்டுல என்ன சார் மிஞ்சும்? குன்று கோடையில காயுதுன்னு சொன்னா யார் பட்டம் குடுப்பாங்க?"

"சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது," என்றேன். அறிவுரையாகச் சொல்லவில்லை, இருக்கும் வழிகளைப் பட்டியலிடுவது என் வேலை.

"இந்தக் கணக்கை நம்பி நாளைக்கு யாராவது, குன்று ஈரமா இருக்குன்னு இங்க அடுப்பு மூட்டினா?"

சாயங்காலம் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். சுவாரசியம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "எழுத்துல குடுங்க," என்றார். வாயால் சொன்னது நடக்காதது என்ற அவருடைய கொள்கையில் அன்று ஒரு வழி திறந்திருந்தது. அவள் வேண்டுமென்றால் எழுதாமல் இருந்துவிடலாம். எனக்கும் அது புரிந்தது, அவளுக்கும் புரிந்தது. மறுநாள் காலை எழுதிக் கொண்டுவந்தாள். அபிஷேகம், மஞ்சள், தேன், எறும்பு, பொங்கல் எல்லாம் உட்பட. பேராசிரியர் பச்சை மையில் "பார்த்தேன்" என்று போட்டார். கோப்பு மேலே போனது. மேலே போன கோப்பு எப்போது கீழே வரும் என்பதை முன்கணிக்கும் ஆய்வுத் துறை இன்னும் தொடங்கப்படவில்லை.

குச்சிகளை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று கேட்டுப் பார்த்தோம். "சாமிய டிரான்ஸ்பர் பண்ணுவீங்களா சார்?" என்றார் முனிரத்தினம். ஆனால் எங்களுக்கு உண்மையான கவலை தண்ணீர் அல்ல. தீ அபாயத்தை அளக்கும் கருவிக்கு முன்னால் அவர்கள் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் குன்றில் தீ பிடிக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஹேமலதா அவர்களிடம் பேசினாள். தண்ணீர் ஊற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. செவ்வாயும் கிருத்திகையும் நான் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறேன். ஆனால் எடை ஓர் அளவுக்குக் கீழே போன நாளில் குன்றில் கற்பூரம், ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது.

"எவ்ளோக்குக் கீழ?" என்று கேட்டாள் சுலோச்சனா.

எங்கள் கணக்கில் அந்த எல்லை நூற்றேழு. ஹேமலதா ஒரு கணம் யோசித்தாள். "நூத்தியெட்டு," என்றாள்.

கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த ஒன்றைக் கூட்டியதற்குச் சமமான விழிப்புணர்வுப் பணியை எங்கள் துறை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. துண்டறிக்கை, தெருக்கூத்து, சுவர் ஓவியம் எல்லாவற்றுக்கும் நிதி வாங்கிச் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

பங்குனி உத்திரம் வந்தது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் வழியில் இந்தக் குன்றிலும் நின்று போகத் தொடங்கியிருந்தார்கள். காலையிலிருந்தே அபிஷேகம். குடம் குடமாகத் தண்ணீர், பால். நாலு நாளாக எடை நூற்றெட்டுக்குக் கீழே இருந்ததால் கற்பூரம் இல்லை; தேங்காய் மட்டும் உடைத்தார்கள். அடிவாரத்தில் நாங்கள் நட்டிருந்த தீ அபாயப் பலகையை அன்று என்ன நிறத்தில் வைப்பது என்று ஹேமலதா கேட்டாள். விதிப்படி குச்சி சொல்லும் எண்ணுக்கு உரிய நிறத்தைத்தான் வைக்க வேண்டும். குச்சி அன்று குளத்தில் விழுந்த மாதிரி இருந்தது, விதிப்படி பச்சை. அபிஷேகத்தைச் சொன்ன கோப்பு இன்னும் கீழே வராததால் விதியும் மாறவில்லை. விதியில் இன்னொரு பிரிவும் உண்டு என்பது எனக்குத் தெரியும். பலகைமேல் ஒரு கோணியைப் போர்த்தி, "பராமரிப்பில் உள்ளது" என்று எழுதிக் கட்டினேன்.

மதியம் தாண்டியதும் குன்றின் மறுபக்கத்திலிருந்து புகை எழுந்தது. யாரோ வயலில் அறுவடை முடிந்த தாளைக் கொளுத்தியது, காற்றில் தாவி ஏறியிருக்க வேண்டும். மேலே வந்த தீ, உச்சியைக் கடந்து எங்கள் பக்கம் திரும்பியது. புல் வெடிக்கும் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கீழே வீடுகள். வீடுகளுக்குள் நூல். என் துறையறிவு முழுவதும் அந்த நேரத்தில் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: ஓடு.

ஓடியது நான் மட்டும்தான். ஊர் குடத்தோடு நின்றுகொண்டிருந்தது. அபிஷேகத்துக்கு வரிசையில் நின்ற அத்தனை பேர் கையிலும் தண்ணீர். அவர்களுக்கு முன்னால், சாமிக்காக வெட்டிப் பெருக்கி, புல்லின் வேர்கூட இல்லாமல் வைத்திருந்த அகலப் பாதை, குன்றின் நடுவில் கோடு கிழித்தது போலக் குறுக்கே கிடந்தது. தீ அந்தப் பாதைவரை வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் திகைத்தது. தாண்டிப் பறந்த பொறிகளைப் பெண்கள் ஊற்றி அணைத்தார்கள். ஆண்கள் புங்கங்கிளையால் அடித்தார்கள். காவடிக்காரர் ஒருவர் பால்குடத்தையே கவிழ்த்தார். "மலை மேல ஊத்துனா இன்னா, இங்க ஊத்துனா இன்னா! எல்லாம் அவனுக்குத்தான்!" என்று கத்திகினே அடுத்த குடத்தைப் பிடுங்கினார். அவரைச் சொல்ல நினைக்கும்போது என் கையும் அவர் மாதிரியே எழுதுகிறது, இருக்கட்டும்.

மாலையில் பாதைக்கு அந்தப் பக்கம் குன்று கரியாக இருந்தது. இந்தப் பக்கம் ஒரு வீட்டுக் கூரையும் கருகவில்லை. துறையின் இணையதளத்தில், நனைந்த குச்சியின் கணக்குப்படி, அன்றைய தீ அபாயம்: மிகக் குறைவு.

மறுநாள் ஹேமலதா நாடாவோடு வந்தாள். பாதையின் அகலத்தை அளந்தாள், பொறி தாண்டிய தூரத்தை அளந்தாள், எத்தனை மாதமாக யார் யார் பெருக்கினார்கள் என்று கேட்டு எழுதினாள். ஒரு குன்றில் மக்கள் தாங்களாகவே தீத்தடுப்புக் கோட்டை ஏன் வெட்டுகிறார்கள், எந்த எச்சரிக்கையை மதிக்கிறார்கள் என்பது அவள் ஆய்வேட்டின் புதிய மையம் ஆனது. செவ்வாய்க்கிழமை எண்களை மறைக்கவில்லை. அவற்றுக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தாள். பேராசிரியர் கருத்தரங்கக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், எழுத்து மூலமாக. காலக்கெடுவுக்குள் ஆய்வேட்டை அவரே கையெழுத்திட்டு அனுப்பினார். வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர், "ஒப்பிடுவதற்கு இதேபோல் இன்னொரு குன்றில் செய்தீர்களா?" என்று கேட்டார். "அதுக்கு அங்கயும் ஒரு சாமி வேணும் சார்," என்றாள். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

அவள் வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்போது கையுறையையும் தராசையும் சுலோச்சனாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். துறைச் சொத்தை அப்படிக் கொடுக்க முடியாது. கழிக்க வேண்டுமென்றால், பயன்பாட்டில் இல்லை என்று மேற்பார்வையாளர் சான்று தர வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பொருளுக்கு அப்படி ஒரு பொய்ச் சான்றை நான் தரவில்லை. ஆகவே தராசும் அந்த ஆறு குச்சிகளும் இன்றும் துறைச் சொத்து.

போன வாரம் பிரதீப்பை அங்கே அழைத்துப் போனேன். உச்சி வேளை. சுலோச்சனா செருப்பைக் கழற்றி, கையுறை மாட்டி, ஆறையும் எடை போட்டு, உரக்கச் சொன்னாள். முனிரத்தினம் எழுதிக்கொண்டார். பிரதீப் ஆர்வத்தில் வட்டத்துக்குள் ஒரு காலை வைத்தார்.

"நைனா! கால எடு!" என்று அதட்டினார் முனிரத்தினம். "படிச்சவங்க தானே, போர்டு தெரியல?"

திட்டத்துக்கான நிதி நின்று வருடங்கள் ஆகின்றன. எடை நிற்கவில்லை. பிரதீப் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நடுநடுவுல காலியா இருக்கே?" என்றார். செவ்வாய்க்கிழமைக் கட்டங்கள். அளவு விடுபட்டால் காரணம் எழுத வேண்டும் என்பது முறை. அதை ஹேமலதா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கு எதிரிலும் முனிரத்தினம் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்:

"சாமி குளிக்குது."

விடுபட்ட தரவுக்கு இவ்வளவு சரியான காரணத்தை என் உத்தியோக காலத்தில் நான் வேறு எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை. பக்கத்தின் ஓரத்தில் இடம் இருந்தது. பேனாவை வாங்கி, "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.